நுரைக்கு இந்தக் கரையில் நின்று

என் குரலை ஒருநாளும் முழுதாகக் கேட்டிராத என் அப்பாவுக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். வெளியே தூறல். தகரத்தில் சத்தம்கூட வராத தூறல்தான், ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தலைக்கு மேல் பெய்கிற மழைக்கு நான் பயப்படுவதில்லை அப்பா. கர்நாடகத்தில் எங்கோ, நான் பார்க்காத இடத்தில் பெய்கிற மழைதான் எங்கள் பாலத்துக்கு வந்து சேர்கிறது. அது பெய்கிறதா இல்லையா என்று ஜன்னலைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

உங்கள் பேத்திக்கு இனியா என்று பெயர் வைத்திருக்கிறோம். நீங்கள் போகும்போது என் வயிற்றில் இருந்தவள், இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். மூக்கு உங்களுடையது. கோபமும் உங்களுடையதுதான் என்று அம்மா சொல்கிறாள்.

இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

ஓசூரில் நீங்கள் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பை ஒரே ஒருமுறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து வண்டிக்கான பாகங்களாக்குகிற இடம். ஒவ்வோர் அடிக்கும் என் செருப்பு தரையைவிட்டு எழும்பியது. அங்கே யாரும் யாரோடும் வாயால் பேசவில்லை. கட்டைவிரல் வாயருகே போனால் டீ. உள்ளங்கையைத் தட்டினால் தகடு தீர்ந்துவிட்டது. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் மிஷினை ஓட்டு. இரண்டு முஷ்டிகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காகப் போட்டால் நிறுத்து, அச்சுக்குள்ளே ஆள் கை இருக்கிறது.

அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் காதைத் தின்றுவிட்டது. அதனால் வீட்டிலும் அந்தச் சைகைகள்தான். பரீட்சையில் பாஸா என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவீர்கள், நான் விரலைச் சுழற்றுவேன். கல்லூரியில் இடம் கிடைத்த அன்றும் அப்படித்தான் சொன்னேன். நாம் பேசியதில் பாதிக்கு மேல் கையால் பேசியது.

உங்கள் மாப்பிள்ளை மஞ்சுவுக்கு நீங்கள் போட்ட விருந்து நினைவிருக்கிறதா? கல்யாணம் முடிந்த வாரம். இலை நிறையக் கறியை வைத்துவிட்டு இன்னும் கரண்டியோடு நின்றீர்கள். "இன்னும் ரெண்டு துண்டு வெச்சுக்கங்க மாப்ளே. உங்க கம்பெனி கேன்டீன்ல இதெல்லாம் காட்டக்கூட மாட்டான்." வாயில் சோற்றோடு பேச முடியாமல், உங்களைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் போட்டார்.

கரண்டி உங்கள் கையிலிருந்து நழுவி இலையில் விழுந்தது. உங்கள் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை, விரல்களுக்குப் போனது. பத்தும் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். அப்புறம் தெருவே கேட்கிற குரலில் சொன்னீர்கள்: "மாப்ளே, எதுக்கு வேணா சிரிங்க. இதுக்கு மட்டும் வெளையாட்டுக் கூடாது. இதக் காட்டுனா எதுத்தாப்புல நிக்கறவன் ஏன் எதுக்குன்னு யோசிக்கவே கூடாது, நிறுத்திப்புடணும். வெளையாட்டா நெசமான்னு அவன யோசிக்க வெச்சீங்கன்னா, அந்த நேரத்துல ஒருத்தனுக்கு வெரல் போயிரும்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். மஞ்சு அப்புறம் என்னிடம் முணுமுணுத்தார். "கறி போதும்னது ஒரு குத்தமா? உங்கப்பா என்னாத்துக்கு இப்பிடி நடுங்கறாரு?" நான் விளக்கம் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் அந்தச் சைகையை ஒருமுறைகூட விளையாட்டுக்குக் காட்டியதில்லை.

எங்கள் ஊர்த் தரைப்பாலத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் ஓசூர், இந்தப் பக்கம் நாங்கள். அணையில் தண்ணீர் திறந்தால் பாலத்தின் மேல் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை எழும்பும். மேலே ஊர் ஊராக ஆற்றில் விடுகிற கழிவெல்லாம் நுரைத்துக்கொண்டு வருகிறது, கண்ணைக் கரிக்கும். வெளியூர்க்காரர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். எங்களுக்கு அது மூடுபனி மாதிரி. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, சக்கரம் தாரில் உருள்வதை உணர்ந்தபடி நேராகப் போனால் அந்தக் கரை. நுரையைத் தலையில் ஒட்டிக்கொண்டே வேலைக்குப் போனவர்கள் உண்டு. "நுரதானே" என்று சொல்லாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. அதற்கு அடியில் ரோடு இருக்கிறதா என்று ஒருவரும் யோசித்ததில்லை. ரோடு இருக்கும், அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒருநாள், நான் ஓசூரில் என் கம்பெனியில் இருந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பச் சேர்ந்திருந்த சமயம். சாயங்காலம் வேன் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. ஆற்றில் திடீரென்று தண்ணீர் ஏறிவிட்டது, அந்தப் பக்கம் போகவே முடியாது என்றார் டிரைவர். ஓசூரிலேயே, மூக்கண்டப்பள்ளியில், கூட வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் அறையில் தங்கினேன். மஞ்சு போனில் இருந்தார். பின்னால் பாப்பா அழுகிற சத்தம். "பாட்டிலயே தொட மாட்டேங்கறா. எங்கம்மா சங்குல ஊத்திப் பாக்கறாங்க, துப்பிடறா..." அதோடு போன் போனது. டவர் விழுந்துவிட்டது. விடியும்வரை அந்த அழுகையின் நடுவிலேயே நான் உட்கார்ந்திருந்தேன். மார் கல்லாகக் கனத்தது. குளியலறையில் பாலைப் பிழிந்து கொட்டும்போது யாருக்கோ துரோகம் செய்கிற மாதிரி இருந்தது.

காலையில் ஷேர் ஆட்டோ போகிற வரைக்கும் போய், அதற்குமேல் நடந்தேன். ரோட்டின் தார் கழன்று பாய் போலச் சுருண்டு கிடந்தது. கால்வாய்க் குழாய்கள் வயலுக்குள் உருண்டிருந்தன. சுற்றியிருக்கிற ஊர்களின் சிறு பாலங்களும் போய்விட்டன என்று எதிரே வந்தவர்கள் சொன்னார்கள். மழை நின்றிருந்தது, நல்ல வெயில்கூட அடித்தது. ஆற்றங்கரைக்குப் போனபோது தண்ணீர் இறங்கிவிட்டதாகத்தான் தெரிந்தது. நுரை மட்டும் வழக்கம்போல வெள்ளையாக, உயரமாக.

நான் பாலத்தில் கால் வைக்கப் போனேன் அப்பா. என் குழந்தை அந்தப் பக்கம் இருந்தாள். நானும் நுரைதானே என்று நினைத்தவள்தான்.

பால் கேன்களோடு நின்றிருந்த ஒருவர் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "ஹோக்பேடம்மா. சேதுவெ ஹோக்பிட்டிதெ." போகாதேம்மா, பாலமே போய்விட்டது என்கிறார். எனக்குப் புரிந்தும் புரியவில்லை. அவர் கை காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று அடித்து, கரைக்குப் பக்கத்தில் நுரை கொஞ்சம் ஒதுங்கியது. தார் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புத் தண்ணீர் கீழ்நோக்கிக் கவிழ்ந்துகொண்டிருந்தது. ஒரு லாரியே விழலாம், அவ்வளவு அகலம். உடனே நுரை மூடிக்கொண்டது. மறுபடி வெறும் வெள்ளை.

அப்போதுதான் அந்தக் கரையில் மஞ்சுவைப் பார்த்தேன்.

கம்பெனியில் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டு, பைக், நெஞ்சோடு சேர்த்துக் கட்டிய அத்தையின் சிவப்புப் புடவை. அந்தப் புடவைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விடிய விடிய அழுத குழந்தையை அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். தண்ணீர் இறங்கிவிட்டது, மீதி நுரைதானே. உடைப்பு என் கரைக்குப் பக்கத்தில். அவர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

கத்தினேன். பால்காரரும் கத்தினார். அணைத் தண்ணீரின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மஞ்சு என்னைப் பார்த்துவிட்டார். கையை ஆட்டினார். புடவையைக் கொஞ்சம் விலக்கி, இதோ கொண்டுவருகிறேன் என்கிற மாதிரி பாப்பாவின் தலையைக் காட்டினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை வீசினேன். அது அவருக்கு வா வா என்று தெரிந்திருக்கிறது. வண்டி நகர்ந்தது. முன்சக்கரம் நுரையில் நுழைந்தது.

நான் யோசித்துச் செய்யவில்லை. என் கைகள் தாமாக மேலே போயின. முஷ்டி பிடித்து, தலைக்கு மேலே, குறுக்காக.

வண்டி நின்றது. ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. இரண்டு காலையும் ஊன்றி வண்டியை அப்படியே பின்னுக்கு இழுத்தார். நுரையிலிருந்து முன்சக்கரம் வெளியே வந்ததை நான் பார்த்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு மட்டும் எழுதியிருப்பேன்.

அவருக்குப் பின்னால் முனிராஜ் அண்ணன் வந்தார். எங்கள் ஊர்ப் பூக்காரர். விடிந்தால் மொபெட்டில் சாமந்தி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு ஓசூர் மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர். அங்கே நடந்த பேச்சை மஞ்சு அப்புறம் ஒருமுறைதான் சொன்னார், திரும்பச் சொல்லக் கேட்டதில்லை.

"என்னா மஞ்சு, நுரைக்குப் பயந்துகிட்டு நின்னுட்ட?"

"இருண்ணா. நிறுத்தச் சொல்றா."

"உம் பொண்டாட்டியா? நேத்துப் பூரா ஊட்டுக்கு வரலன்னு சாமி வந்துருச்சாட்டம் இருக்குது, கையத் தூக்கிக்கிட்டு ஆடறா. பூ வாடுதுப்பா, வழிய உடு."

"அண்ணா, வெளையாட்டு இல்ல, நில்லு."

நான் கையை இறக்கவேயில்லை. இன்னும் உயரமாகத் தூக்கினேன். முனிராஜ் அண்ணன் என்னை நேராகப் பார்த்தார். சிரித்தார். பதிலுக்கு ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். நுரை திரைபோல விலகி அவரை உள்ளே விட்டது, பின்னால் மூடிக்கொண்டது. வெள்ளைக்குள் ஹெட்லைட் மட்டும் மங்கலாக நகர்ந்து வந்தது. என் பக்கத்தில் வர வர பெரிதானது. அப்புறம் இல்லை.

ஒரு சத்தமும் வரவில்லை அப்பா. அதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது. கீழே கொஞ்ச தூரத்தில் ஒரு மூட்டை வாய் பிரிந்து மேலே வந்தது. நுரையின் மேல் மஞ்சள் சாமந்தி பரவிக்கொண்டே போனது. அவர் வரவில்லை. மறுநாள் வெகுதூரம் தள்ளி முள்ளுக்குள் எடுத்தார்கள்.

பால்காரர்தான் என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். எனக்கு இறக்கத் தெரியவில்லை. அந்தக் கரையில் மஞ்சு வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு, பாப்பாவை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பால்காரருடைய வண்டியிலேயே, வேறொரு பாலத்து வழியாக ஊரெல்லாம் சுற்றி சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். பாப்பா என்னைப் பார்த்ததும் அழக்கூட இல்லை, வாயைத் திறந்துகொண்டு தாவினாள். அவள் குடித்து முடிக்கும்வரை மஞ்சு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் தன் இரண்டு கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினார். பத்து விரல்களும் இருந்தன. அன்றைக்கு நீங்கள் எண்ணியது அவருக்குத் தெரிந்தேயிருந்திருக்கிறது.

காரியம் முடிந்த பிறகு முனிராஜ் அண்ணனின் மனைவி சாந்தா அக்கா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ கையில என்னுமோ காட்டுனியாமே. அது என்னாது?"

காட்டினேன். அச்சுக்குள் ஆள் கை இருந்தால் காட்டுவது, எங்கப்பாவின் கம்பெனிச் சைகை என்றேன்.

"அவரு பாத்தாரா?"

"பாத்தாருக்கா."

"பாத்துட்டு என்னா பண்ணாரு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "சிரிச்சாருக்கா. கைய ஆட்டுனாரு."

"யாரக் கண்டாலும் சிரிப்பாரு" என்றார். பிறகு, "இன்னொருக்கா காட்டு" என்றார். நான் காட்ட, அவரும் மெதுவாக முஷ்டி பிடித்து, தலைக்கு மேலே கொண்டுபோய்க் குறுக்காக வைத்துப் பார்த்தார். சரியாக வந்ததா என்று என்னைக் கேட்டார்.

அவர் என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் சைகை ஒருவரைக் காப்பாற்றியது, ஒருவருக்கு வேடிக்கையாகிவிட்டது. இடையில் இருந்த வித்தியாசம் ஓர் இலைச் சாப்பாடுதான். அன்றைக்கு உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவருக்குத் தெரிந்தது, சாப்பிடாதவருக்குத் தெரியவில்லை. எத்தனை பேருக்கு நீங்கள் இலை போட்டிருக்க முடியும்?

இப்போது பாலம் இருந்த இடத்தில் குழாய்களைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டி ஒரு வழி செய்திருக்கிறார்கள். புதுப் பாலத்துக்கு அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். அதுவரை இந்த மண் வழிதான் எங்களுக்கு. நுரை வந்தால் யாரும் சும்மா இறங்குவதில்லை. அந்தக் கரையில் பால்காரரோ வேறு யாரோ மூங்கிலால் குத்திக்கொண்டே வந்து பார்ப்பார்கள். வழி இருந்தால் விரலைச் சுழற்றுவார்கள். இல்லையென்றால் தலைக்கு மேலே குறுக்காகக் கை. அங்கே கன்னடம், இங்கே தெலுங்கும் தமிழும், இந்த ஒன்று எல்லாருக்கும் புரிகிறது. தொடங்கி வைத்தது சாந்தா அக்கா. நுரை எழும்பினால் பூக்கட்டுவதை அப்படியே போட்டுவிட்டு முதலில் போய் நிற்கிறவரும் அவர்தான். போன வாரம் ஸ்கூல் வேனை அப்படித்தான் நிறுத்தினார்.

நீங்கள் பெருமைப்படுவீர்கள் என்று தெரியும். ஆனால் எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்திருக்கிறது.

பிள்ளைகள் அதை வைத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். சைக்கிளில் எதிரே வருகிறவனைப் பார்த்துக் குறுக்காகக் கை போடுகிறார்கள், அவன் பிரேக் பிடித்தால் சிரிக்கிறார்கள். இப்போது பாதிப் பேர் பிரேக் பிடிப்பதில்லை. மஞ்சு அவர்களை நிற்க வைத்துக் கத்தினார். உங்கள் குரலேதான் வந்தது. ஒரு வாண்டு கேட்கிறான், "மாமா, சும்மா வெளையாட்டுக்குத்தானே?"

இன்றைக்குச் சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். மேலே மழை, அணையில் தண்ணீர் திறக்கிறார்கள், ஆற்றோரம் யாரும் போகவேண்டாம். மஞ்சுவுக்கு நாளைக்குக் காலை ஷிப்ட்.

"லீவு போடுங்க" என்றேன்.

"மழக்காலம் பூரா போட்டுரலாமா?"

"சுத்திக்கிட்டுப் போங்க."

"சுத்துனா கம்பெனி பஸ் போயிரும்."

"போவட்டும்."

அவர் சிரிக்கவில்லை. "நீ வந்து கரையில நில்லு. அந்தப் பக்கத்துல காட்டறத நீயும் பாரு. நீ சொன்னாப் போறேன், சொல்லலன்னா திரும்பிர்றேன். போதுமா?" என்றார். ஓசூரிலேயே ஒரு வாடகை வீடு பார்க்கலாம் என்கிற பேச்சும் ஓடுகிறது. மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறார் அத்தை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் எத்தனை மழைக்காலம் இருப்போம் என்று தெரியவில்லை.

அதன்பிறகு சோறு ஊட்டும்போதுதான் அது நடந்தது. பாப்பாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு வாய் என்று நான் கையைக் கொண்டுபோனேன். இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேச வராத உங்கள் பேத்தி, குட்டி முஷ்டிகளைப் பிடித்து, தலைக்கு எட்டாத கையைத் தூக்கி, நெற்றிக்கு முன்னால் குறுக்காகப் போட்டாள்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "பாரேன், போதுங்கறா." மஞ்சுவும் நானும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த சோறு கீழே விழுந்தது. நான் அவள் விரல்களைத்தான் முதலில் பார்த்தேன்.

இதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது எங்கள் பாலத்துக்கு வரலாம், இல்லை அவரவர் ஊர்ப் பாலத்தில் நிற்கலாம். எதிர்க்கரையில் யாராவது கையைக் குறுக்காகத் தூக்கினால் ஏன் என்று கேட்கவேண்டாம். நின்றுவிடுங்கள். கேள்வியைக் கரையில் நின்று கேட்டுக்கொள்ளலாம்.

அப்பா, ஆஸ்பத்திரியில் கடைசியாக வாயில் குழாய் இருந்தபோது, நான் உங்கள் காலருகே நின்று அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் என் வயிற்றைப் பார்த்து ஆள்காட்டி விரலை மெதுவாகச் சுழற்றினீர்கள். ஓட்டு. அதற்கு நான் பதில் காட்டவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். நாளைக் காலை பாப்பாவைப் புடவையால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு கரைக்குப் போவேன். மூங்கில் தரையில் தட்டுப்பட்டு, அந்தக் கரையில் விரல் சுழன்றதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் மஞ்சுவுக்கு விரலைச் சுழற்றுவேன். அதுவரை என் கை தலைக்கு மேலேதான் இருக்கும், எவ்வளவு வலித்தாலும்.

பாப்பாவுக்குச் சோறு போதும் என்று சொல்ல வேறொரு சைகை கற்றுக்கொடுக்கிறேன். உள்ளங்கையை வயிற்றில் வைத்தால் போதும். அந்த இன்னொன்றை அவள் கையில் விளையாட்டாக விடமாட்டேன். அவளுக்கு அது தேவைப்படுகிற நாள் வரவே கூடாது. வந்தால், எதிரே நிற்கிறவர் சிரிக்கக் கூடாது.

கையால் பேசி வளர்ந்த உங்கள் மகள்,
இனியாவின் அம்மா
ரேவதி